முத்துப்பேச்சி போட்ட கோடு

போன வாரம் ரம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று வந்த ஆஸ்பத்திரியில் இப்போது அவள்தான் சர்ஜிக்கல் வார்டுக்குப் பொறுப்பு.

"அக்கா, வார்டுக்குன்னு புதுசா ஒரு போன் குடுத்திருக்காங்க. வீங்கிச் செவந்திருக்கிற எடத்தைப் போட்டோ எடுத்தாப் போதும். நேத்தைக்கும் இன்னைக்கும் எம்புட்டுப் பரவியிருக்குன்னு அதுவே அளந்து சொல்லிருது. இனிமே பேனாவே வேண்டாம்."

"அப்போ நான் வீட்டில் சேர்த்து வச்சிருக்கிற பேனாவை எல்லாம் என்ன செய்ய?"

"அதெல்லாம் எங்க பேனாக்கா" என்றாள், ஈவு இரக்கமில்லாமல்.

அவள் சொன்னது உண்மைதான். என் மேசை டிராயரில் இருப்பதில் பாதி டாக்டர்களுடையது, மீதி ரம்யா மாதிரிப் பிள்ளைகளுடையது. வார்டில் எனக்குக் 'கோட்டக்கா' என்று ஒரு பெயர் உண்டு. கேட்காத மாதிரி நடந்துகொள்வேன். கேட்டதாகக் காட்டினால் அது எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துவிடுமே.

விஷயத்துக்கு வந்தாள். "தேள் கதையைப் புதுப் பிள்ளைக கிட்டச் சொன்னேன். நான் கதை விடுறேன்னு சிரிக்காளுக. நீங்களே எழுதிக் குடுங்கக்கா. உங்க எழுத்தைப் பாத்தா நம்புவாளுக."

என் எழுத்தை யாரும் படித்ததே கிடையாது என்பது வேறு விஷயம். சரி, எழுதுகிறேன். வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லை. வீட்டுக்காரரைத் திருத்துகிற வேலை ஒன்று இருந்தது. அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது.

நான் பிறந்த வீட்டில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓடியது. காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேண்டேஜைப் பார்த்தவள். மதுரையில் நர்ஸிங் படித்தேன். விடுதிச் சாம்பாரையும் வார்டன் அம்மாவின் செருப்புச் சத்தத்தையும் தவிர அந்த வருடங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் நின்றே என் ஆயுசில் பாதி போனது. ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் அங்கே போகாமல் இருக்கிறவரை நல்லது.

எங்கள் வார்டுக்கு வருகிற கேஸ்களில் பாதி, காலில் முள் குத்தியது, மண்வெட்டி பட்டது, செருப்புக் கடித்தது. இரண்டு நாள் மஞ்சள் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் கால் பூசணிக்காயாக வீங்கி ஆட்டோவில் வரும். பெரும்பாலும் ஊசி மருந்து ஏறியதும் வடிந்துவிடும். ஆனால் எப்போதாவது ஒன்று வடியாது. தோல் சும்மா சிவந்த மாதிரி இருக்க, உள்ளே கொழுப்பும் சதை மேலிருக்கிற ஜவ்வும் அழுகிக்கொண்டே மேலே ஏறும். காலையில் கணுக்காலில் இருந்தது சாயங்காலம் தொடையில் நிற்கும். அதற்கு மருந்து மட்டும் போதாது. திறந்து, செத்ததை எல்லாம் வெட்டி எடுக்க வேண்டும், அதுவும் உடனே. தாமதித்தால் காலைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொண்டுபோய்விடும்.

எது வடிகிற வீக்கம், எது ஆளைக் கொண்டுபோகிற வீக்கம் என்று முதல் நாளில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் கோடு. சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே பேனாவால் சுற்றிக் கோடு இழுத்து, பக்கத்தில் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். பிறகு மணிக்கு ஒரு தடவை போர்வையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு கோட்டுக்குள் சுருங்கினால் நிம்மதியாக டீ குடிக்கலாம். தாண்டினால் ஓட வேண்டும். இதற்கு மேல் இதில் வித்தை கிடையாது.

ஆனால் இதிலும் நான் வழுக்கியிருக்கிறேன். ஒரு மத்தியானம், கட்டிலில் போர்வை மூடிப் படுத்திருந்தவர் காலில் வெகு சிரத்தையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாதிக் கோட்டில் அவர் விழித்து, "எனக்கு எதுக்கும்மா?" என்றார். அவர் நோயாளியின் மச்சான். நோயாளி, ட்ரிப்ஸ் ஊசியைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, கீழே டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். மச்சான் கால் நோயாளி காலை விட நல்ல காலாக இருந்ததால் எனக்கும் லேசாகச் சந்தேகம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இந்தக் கோட்டுப் பழக்கத்தை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவர் எங்கள் சர்ஜன். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நடந்தால் பூனை நடக்கிற மாதிரி இருக்கும். யாரையும், தண்ணீர் கேன் போடுகிற பையனைக்கூட, 'வாங்க, போங்க' என்பார். கோபம் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தெலுங்கில் எண்ணுவார். 'ஒகட்டி, ரெண்டு, மூடு...' ரெண்டு வரைக்கும் நமக்கு நேரம் இருக்கிறது. மூடு என்றால் மாத்திரை தேடுவது போலக் குனிந்துகொள்ள வேண்டும். நாலைக் கேட்டவர்கள் வார்டில் மிகச் சிலரே, அவர்களும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

போனில் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். ஹலோ கிடையாது, யார் என்று கேட்பது கிடையாது. எடுத்ததும், "கோட்டைத் தாண்டிருச்சா?" ஒரு தடவை கல்யாணப் பந்தியில் இருந்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். மேளச் சத்தத்தில் அவர் கத்த வேண்டியதாகிவிட்டது. "கோட்டைத் தாண்டிருச்சா? எம்புட்டுத் தூரம் தாண்டிருச்சு? விடாதீங்க, நான் வாரேன்!" பக்கத்து இலைக்காரர் ஏதோ வரப்புத் தகராறு என்று நினைத்து, நல்ல வக்கீல் ஒருவர் பேரைச் சொன்னாராம்.

அவரிடம் நான் பார்த்த இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் வார்டுக்கு மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். காலில் கொசுக்கடி அளவுக்கு ஒரு கீறல். லேசான சிவப்பு, அவ்வளவுதான். ஆனால் போர்வை நுனி பட்டாலே வார்டு அதிரக் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் நடிக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கே அன்றைக்குத் தலைவலி, காதில் பஞ்சை வைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது. சர்ஜன் வந்தார். காலைத் தொடவே இல்லை. போர்வையைத் தூக்கி, மெதுவாகத் திரும்ப அவள் காலில் விட்டார். விடும்போது காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். "காயம் சின்னது, கத்தல் பெருசு. சிஸ்டர், கத்தலை நம்புவோம்" என்றார். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார். உள்ளே ஜவ்வு சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்தப் பெண் பிழைத்து, இப்போதும் மில்லுக்குப் போகிறாள். பஸ்ஸில் பார்த்தால் எனக்கு இடம் கொடுப்பாள். மில் இரைச்சலுக்குப் பழகியவள், பேச்செல்லாம் அதே கத்தல்தான்.

இனி தேள்.

வன்னியம்பட்டிப் பக்கமிருந்து ஒரு நாள் மாடசாமி வந்தார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, விவசாயம் பார்ப்பவர். சர்க்கரை வியாதி உண்டு, அதை எதிரி நாடு மாதிரி மதிக்கவே மாட்டார். தோட்டத்தில் கருவேல முள் குத்தி இடது கால் வீங்கியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். கூட அவர் மனைவி முத்துப்பேச்சி. நெடுநெடுவென்று உயரம், கையில் பித்தளைத் தூக்கு, கண்ணில் என்னைப் பார்த்த நிமிஷமே ஒரு சந்தேகம்.

வேட்டியை விலக்கிப் பார்த்தால் காலில் ஒரு சிங்கம்!

முழங்காலுக்குக் கீழே தொடங்கி கணுக்கால்வரை, செங்காவியில் எழுதிய சிங்கம். பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பில் அக்கிக் கொப்புளம் கண்டால், மண்பாண்டம் செய்கிற வீட்டாரிடம் போய் அக்கி எழுதிக்கொள்வார்கள். காவியைக் குழைத்து, அக்கியைச் சுற்றிக் கோடு கட்டி, சிங்கமோ நாயோ எழுதிவிடுவார்கள். அக்கி அந்தக் கோட்டைத் தாண்டாது என்பது நம்பிக்கை. காவி தானாக உதிரும்வரை தண்ணீர் படக் கூடாது.

"எங்க அய்யா எழுதுவாவ. அய்யாவுக்குப் பொறவு நான்தான். எங்க தெருவுல அக்கின்னா என்கிட்டதான் வருவாக" என்றாள் முத்துப்பேச்சி. பெருமையாகத்தான் சொன்னாள். பெருமைப்பட வேண்டிய சிங்கம்தான் அது.

எனக்கோ வேறு கவலை. கால் முழுவதும் காவிச் சிவப்பு. அதற்குள் வியாதியின் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எந்தச் சாமி வந்து சொல்லும்? வெந்நீரும் துணியும் எடுத்து வந்தேன். சிங்கத்தின் வாலில் தொடங்கினேன்.

"ஐயோ, தண்ணி படக் கூடாது! என்ன சிஸ்டர் இது, எழுதினதை அழிக்கீய!"

"அழிச்சாத்தாம்மா உள்ள இருக்கிறது தெரியும்."

"உள்ள இருக்கிறது வெளிய வந்திரக் கூடாதுன்னுதானே எழுதினதே!"

மாடசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏட்டி, விடு. ஆர்டர்னா ஆர்டர்" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிங்கம் போனதும் வெளியே வந்தது இன்னொரு பிராணி. கெண்டைக்காலின் வெளிப்பக்கம், பச்சை குத்திய ஒரு தேள். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு முழங்காலைப் பார்த்து நின்றது. பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் திருவிழாக் கடையில் குத்திக்கொண்டாராம். சிவப்பு தேளுக்குக் கொஞ்சம் கீழேயே முடிந்திருந்தது. நான் பேனாவை எடுத்து, தேளின் வாலுக்குக் கீழே கோடு போட்டேன். காலைத் திருப்பினால் வலித்ததால் பின்பக்கம் முழுக்கச் சுற்றவில்லை, கொஞ்சம் இடைவெளி விட்டுவிட்டேன். அப்படி விடுவது வழக்கம்தான்.

முத்துப்பேச்சி என் கோட்டைக் கூர்ந்து பார்த்தாள். "எங்க கோட்டை அழிச்சிட்டு உங்க கோட்டைப் போடுதீயளா? நல்லாருக்கே நாயம்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

சாயங்காலம் சர்ஜன் வந்து காலைத் தடவிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். சர்க்கரையைக் குறைக்க மருந்து, கிருமிக்கு மருந்து, காலுக்குக் கீழே தலையணை என்று எழுதினார். முத்துப்பேச்சியிடம் திரும்பி, "இது அக்கி இல்லம்மா. கிருமி. இந்தக் கோட்டைத் தாண்டாம இருந்தா மருந்தோட போயிரும். தாண்டினா காலைத் திறந்து சுத்தம் பண்ணணும்" என்றார்.

"திறந்துன்னா, கத்தியாலயா?"

"ஆமா."

"தாண்டலைன்னா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். நல்லபடியாகப் புரிந்துகொண்டாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது பால்கோவா வாசனை. முத்துப்பேச்சி ஒரு பெரிய டப்பாவோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். முந்தின நாள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"வாங்க சிஸ்டர், வாயைத் தெறங்க. அவியளுக்கு வலி போயிருச்சு! ராத்திரி பூரா அனத்தினவிய, விடியக்காலம் கம்முனு ஆயிட்டாவ. இப்போ துளிகூட வலி இல்லையாம்."

நான் மறுக்கிற ஆள் இல்லை. வாயில் வாங்கிக்கொண்டேன். அப்போது ரம்யா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் ராத்திரி டியூட்டி, அப்போது சேர்ந்த புதுசு. "அக்கா, செவப்பு கோட்டுக்குள்ளதான் இருக்கு. வலியும் இல்லைங்கிறாரு. காய்ச்சல்கூடக் கொறஞ்சிருக்கு. ஆனா பல்ஸ் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, எறங்கவே மாட்டேங்குது. மூச்சும் வேகமா வாங்குறாரு. என்னமோ எனக்கு மனசு ஒப்பல."

ஊசி போட்டு ஒரு ராத்திரிகூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அப்படிப்பட்ட காலில் வலி எப்படிக் காணாமல் போகும்? வாயில் இருந்த பால்கோவாவைத் துப்பவும் மனசில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்படியே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

மாடசாமி சல்யூட் அடித்தார். கை நெற்றிக்குப் போகாமல் காதுக்குப் போனது. "நோ பெயின் மேடம்" என்றார். நாக்கு வறண்டிருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "வண்டி பதான்கோட் வந்திருச்சா? பெட்டியை எறக்கணும்" என்றார். பட்டாளத்து ரயிலில் இருக்கிற நினைப்பு. கட்டிலில் மாட்டியிருந்த சிறுநீர்ப் பையில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, டிக்காஷன் நிறத்தில்.

போர்வையைத் தூக்கினேன். கோடு இருந்தது. சிவப்பு கோட்டுக்குள்ளேதான் இருந்தது. பார்த்த கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆனால் தேளும் கோட்டுக்குள்ளே இருந்தது!

நேற்று நான் தேளின் வாலுக்குக் கீழேதான் கோடு போட்டேன். இன்றைக்குத் தேள் உள்ளே, கோடு அதற்கு மேலே முழங்காலுக்குப் பக்கத்தில். பச்சை குத்திய தேள் ராத்திரியில் எழுந்து கீழே நடந்து போயிருக்க முடியாது. அப்படியானால் நடந்தது கோடு. குனிந்து பார்த்தேன். அது என் கோடே இல்லை. என் கோடு கோழி கிளறினாற்போல இருக்கும். இது ஒரே இழுப்பில், நடுங்காமல், பின்பக்கம் முழுக்கச் சுற்றி, முனையும் முனையும் அழகாகச் சேர்ந்திருந்தது.

தேளுக்குக் கீழே தோல் நாவல்பழச் சாறு பட்டது போலக் கறுத்திருந்தது. இரண்டு கொப்புளம், உள்ளே கறுப்புத் தண்ணீர். சிவப்புக்கு வெளியேயும் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி விறைத்திருந்தது. கொப்புளத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினேன். துணிக்குள் வைத்த அப்பளத்தை அழுத்தினால் எப்படி இருக்கும், அப்படி நொறுநொறுத்தது. உள்ளே காற்று. அந்த இடத்தில் நன்றாகவே கிள்ளினேன். மாடசாமி பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வலி போனது சுகத்தால் இல்லை. வலியைச் சொல்கிற நரம்பே செத்திருந்தது.

ரம்யாவை ஆக்ஸிஜன் வைக்கவும் இன்னொரு கையில் ஊசி போட்டு சலைன் வேகமாக விடவும் ரத்தம் எடுக்கவும் சொல்லிவிட்டு, போனை எடுத்தேன்.

"கோட்டைத் தாண்டிருச்சா?"

"இல்ல சார். கோடு தேளைத் தாண்டிருச்சு."

ஒகட்டி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "யாரோ கோட்டை மாத்திப் போட்டிருக்காங்க சார். வலி இல்லங்கிறாரு, கிள்ளினாலும் தெரியல. தோலு கறுத்திருக்கு, கைக்குக் கீழ நொறுநொறுங்குது. பல்ஸ் ஓடுது, பிரஷர் இறங்குது, புத்தி மாறிப் பேசுறாரு."

"தியேட்டரைத் திறங்க. மயக்க டாக்டருக்குச் சொல்லுங்க. வாரேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திரும்பினால் பின்னாலேயே முத்துப்பேச்சி, டப்பாவோடு. "இந்தக் கோட்டை யாரும்மா போட்டது?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. கன்னத்தில் பால்கோவா இருந்ததால் சரியாகக் கடிக்க முடியவில்லை.

"நான்தான் சிஸ்டர்" என்றாள், மலர்ந்த முகத்தோடு. "விடியக்காலம் பாத்தேன், உங்க கோட்டைத் தாண்டி வெளிய வந்திருந்துச்சு. உங்க கோட்டுல பின்னால தெறந்து கெடந்துச்சுல்லா, அது வழியா வந்திருக்கும். தேங்காயெண்ண தொட்டு அதை அழிச்சிட்டு, அந்தப் பிள்ளை கிட்டப் பேனா வாங்கி, நல்லா அடைச்சுப் போட்டேன். போட்ட செத்த நேரத்துல வலி நின்னுருச்சு பாருங்க!"

என்ன சொல்வீர்கள்? திட்ட வாயெடுத்தேன், திட்டு வரவில்லை. அவள் செய்தது திருட்டு வேலை இல்லை. புருஷன் மேல் கத்தி பட்டுவிடக் கூடாது என்று, தெரிந்த வித்தையை எல்லாம் அந்தக் காலில் இறக்கியிருந்தாள். என் கோடு பார்ப்பதற்கு, அவள் கோடு தடுப்பதற்கு. அந்த வித்தியாசத்தை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கே அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சர்ஜன் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முத்துப்பேச்சியை அழைத்து, இப்போதே ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்று சொன்னார்.

"முடியாதுய்யா" என்றாள் அவள். "வலி இருந்தப்ப அறுக்கணும்னு சொல்லியிருந்தா ஒரு நாயம். வலி போன காலை எதுக்கு அறுக்கணும்? என் மகன் பட்டாளத்துல இருக்கான், போனை எடுக்க மாட்டேங்கான். அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்ல? நான் கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா, வலி போனதுதான் ஆபத்து..."

"இது என்ன பேச்சுய்யா! வலிச்சாலும் ஆபத்து, வலிக்காட்டியும் ஆபத்தா?"

சர்ஜன் கண்ணை மூடினார். "ஒகட்டி" என்றார். "ரெண்டு."

நான் நடுவில் புகுந்து முத்துப்பேச்சியின் கையைப் பிடித்தேன். "வாங்கம்மா, ஒண்ணு பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கட்டிலுக்கு இழுத்து வந்தேன். எங்கள் ஆட்கள் மாடசாமியைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். "இது யாரு போட்ட கோடு?" என்றேன்.

"நான் போட்டது."

"எங்கயாவது தெறந்து கெடக்கா? எங்கயாவது ஓட்டை இருக்கா? நல்லாப் பாருங்க."

"அதெல்லாம் நல்லா அடைச்சுத்தான்..." என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள்.

நான் போன் பண்ணும்போது கோட்டுக்குள் இருந்த சிவப்பு, இப்போது அவள் கோட்டுக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறியிருந்தது. ஒரு பக்கமாக இல்லை, சுற்றிலும். அவள் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை கோட்டைத் தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் ஓட்டை இல்லை.

"நான் போட்ட கோட்டைத் தாண்டிருச்சு சிஸ்டர்."

திரும்பவும் ஒரு தடவை கோட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தாள்.

"எங்க கை எழுதின கோட்டை அக்கி தாண்டினதே இல்ல. இது அக்கியே இல்ல போல" என்றாள். பிறகு சர்ஜனைப் பார்த்து, "கையெழுத்து எங்கய்யா போடணும்? கால் போனாலும் போவட்டும். எனக்கு ஆளு வேணும்" என்றாள். கண்ணீர் டப்பாவுக்குள் விழுந்தது. சர்ஜன் கண்ணைத் திறந்தார். "கால் போகாம பாக்குறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பூனை நடைக்காரர் அன்றைக்கு ஓடினார்.

ஆபரேஷன் நீண்டது. செத்த ஜவ்வையும் தோலையும் ரத்தம் கசிகிற நல்ல இடம் தென்படும்வரை வெட்டி எடுத்தார்கள். மறுநாளும் திறந்து பார்த்து, மிச்சம் மீதியை எடுத்தார்கள். கால் தங்கியது. காயத்தைத் திறந்தே வைத்து, மருந்துத் துணி அடைத்து, ஐசியூவில் போட்டார்கள். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து வந்தபோது தொடையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஐசியூவுக்குள் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்பது சட்டம். நான் முத்துப்பேச்சியைக் கை கழுவச் சொல்லிக் கவுன் மாட்டி உள்ளே அழைத்து வந்து, பேனாவை நீட்டினேன்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம் சிஸ்டர். இம்புட்டும் என் கையாலதான்."

"உங்க கோடு இல்லாட்டா நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீயளா? நான் தாண்டிருச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பீயளா?"

யோசித்தாள். "நம்பியிருக்க மாட்டேன்" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"அப்போ போடுங்க. இது கட்டிப் போடுற கோடு இல்ல, காவல் காக்கிற கோடு. தாண்டினா அழிக்கக் கூடாது, கத்தணும். தேங்காயெண்ணய என்கிட்டக் குடுத்திருங்க."

போட்டாள். ஒரே இழுப்பு. ரம்யாவும் நானும் பொறாமையோடு பார்த்தோம். பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது. கோடு அதற்கு எவ்வளவு கீழே என்று ரம்யா எழுதி வைத்தாள். நகராத ஒரு அடையாளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கோடு போடுவது என்று வார்டில் வழக்கம் ஆனது அன்றிலிருந்துதான். புதுப் பிள்ளைகளே, போட்டோ எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள். போர்வையைத் தூக்கும்போது முகத்தையும் பாருங்கள், போனில் முகம் தெரியாது.

முத்துப்பேச்சி ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கோட்டைக் காவல் காத்தாள். கண் சிமிட்டினாளா என்றுகூட எனக்குச் சந்தேகம். சாயங்காலம் போன் அடித்தது.

"கோட்டைத் தாண்டிருச்சா?"

நான் போனை அவள் காதில் வைத்தேன். அவள் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். "தாண்டலய்யா. உள்ள வாங்கியிருக்கு. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"சரிம்மா, நீங்களே பாத்துக்கோங்க" என்று சர்ஜன் சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தப் பேச்சுச் சத்தத்தில் மாடசாமி கண் விழித்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை, பதான்கோட்டைக் கேட்கவில்லை. பொண்டாட்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, துணி அடைத்துக் கிடந்த காலைப் பார்த்தார். வெகுநேரம் தேடினார்.

"ஏட்டி," என்றார், குரலே எழும்பாமல். "என் தேள் எங்க?"

முத்துப்பேச்சி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தப் போனாள், கவுன்தான் கையில் அகப்பட்டது.

"தேளு போனாப் போவுது" என்றாள். "நீங்க இருக்கீயல்லா."